ஏழு வாரக் குடும்ப வகுப்பு: மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு எவ்வளவு பொருந்தும்?

10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் சிகரெட், மது, கஞ்சா பக்கம் போகாமல் இருக்க, குடும்பத்தையே வகுப்புக்கு அழைக்கும் திட்டங்களில் அதிகம் பேசப்படுவது ‘ஸ்ட்ரெங்தனிங் ஃபேமிலீஸ் 10-14’. அமெரிக்காவின் ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா மோல்கார்டும் கேரல் கும்ஃபரும் சேர்ந்து உருவாக்கியது. இது எல்லாப் பிள்ளைகளுக்குமான பொதுத் திட்டம். மனச்சோர்வு, பதற்றம், ஏ.டி.எச்.டி (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு அடங்காத நிலை) உள்ள பிள்ளைகளுக்கும் பல மையங்கள் இதையே நடத்துகின்றன. அவர்களுக்கு அது எவ்வளவு பயன்படும், எங்கே காலை வாரும் என்பதே இந்த மதிப்புரை.

வாரம் ஒரு முறை, 2 மணி நேரம், 7 வாரம். முதல் மணி நேரத்தில் பெற்றோர் ஓர் அறையிலும் பிள்ளைகள் இன்னொன்றிலும் இருப்பார்கள். இரண்டாம் மணி நேரத்தில் எல்லாரும் ஒரே அறைக்கு வந்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பயிற்சி செய்வார்கள். ஒரு குழுவில் 8 முதல் 13 குடும்பங்கள். பயிற்றுநர் 3 பேர்: பெற்றோருக்கு ஒருவர், பிள்ளைகளுக்கு இருவர். வகுப்பு முடிந்தபின் 4 நினைவூட்டல் அமர்வுகள் உண்டு. செலவு, ஆள் பற்றாக்குறை என்று பல மையங்கள் முதலில் வெட்டுவது இந்த நான்கைத்தான்.

பெற்றோர் பகுதி காணொளியை வைத்தே நகர்கிறது. ஒரு காட்சி ஓடும், நிற்கும், குறித்த நேரம் பேசுவார்கள், அடுத்த காட்சி. இதில் ஒரு வசதி: அனுபவம் குறைந்த பயிற்றுநர்கூட வகுப்பைத் தடம் மாற விடமாட்டார். ஆனால் ‘மூன்று நாளாக அறையை விட்டே வரவில்லை, இவளுக்கு என்ன விதி போடுவது?’ என்று ஒரு தாய் கேட்டால், பதில் சொல்ல அந்த நேரக் கணக்கில் இடமில்லை. மனநலச் சிக்கல் உள்ள குடும்பங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் கேள்விகளையே.

திட்டத்தின் உயிர் இரண்டாம் மணி நேரத்தில் இருக்கிறது. அன்பும் கட்டுப்பாடும் ஒன்றாகப் போக வேண்டும் என்று காதால் கேட்பது எளிது. பிள்ளையின் எதிரே உட்கார்ந்து, ‘நீ சொல்லாமல் தாமதமாக வரும்போது எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால்...’ என்று குற்றம் சாட்டாமல் ஒரு வாக்கியத்தை முடிப்பது கடினம். பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே அது பழக்கத்துக்கு வருகிறது. குடும்பக் கூட்டம் நடத்தும் முறையும் இங்கேதான் கற்றுத்தரப்படுகிறது. பிள்ளை எங்கே, யாரோடு, எப்போது திரும்பும் என்ற தகவல் பெற்றோருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பிள்ளை தானாகச் சொல்வதால்தான். துருவுவதால் கிடைப்பது குறைவு. ஆய்வாளர்கள் ஸ்டாட்டினும் கெர்ரும் 2000-இல் எடுத்துக்காட்டிய இந்தக் கண்டுபிடிப்பை வைத்துப் பார்த்தால், போனை ரகசியமாகச் சோதிப்பதைவிட வாரம் 20 நிமிடக் குடும்பக் கூட்டம் மேல்.

இனி, அப்படியே எடுத்தால் எங்கெங்கே இடிக்கிறது என்று பார்ப்போம்.

ஏ.டி.எச்.டி பிள்ளைகளுக்கு, செய்ததன் விளைவு (பரிசோ தண்டனையோ) தள்ளிப்போனால் பயனில்லை. வார இறுதியில் எண்ணிப் பரிசு தரும் புள்ளி அட்டை அவர்களுக்கு எட்டாத தூரம். புள்ளியை அன்று மாலையே மாற்றிக்கொள்ளும்படி செய்யுங்கள். தண்டனை சிறியதாகவும் உடனடியாகவும் இருக்கட்டும்: ஒரு மணி நேரம் போன் இல்லை என்பது போதும், ஒரு வாரம் என்பது வேண்டாம். சிறிய தவறுக்குச் சிறிய விளைவு என்று திட்டமே சொல்கிறது. கோபத்தில் அதைப் பெருக்குவது வீட்டில்தான். இன்னொன்று, ஏ.டி.எச்.டி மாத்திரை எடுத்தால் பிற்காலத்தில் போதைக்கு வழி திறந்துவிடும் என்று பயந்து சிகிச்சையை நிறுத்துபவர்கள் உண்டு. ஆய்வுகள் அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. உண்மையான ஆபத்து அந்த மாத்திரை நண்பர்களிடம் கைமாறுவதில் இருக்கிறது. மாத்திரையைப் பெற்றோரே எடுத்துக் கொடுங்கள், வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மனச்சோர்வில் சிக்கல் வேறு. சலுகைகளைப் பறிப்பதே விளைவு என்று வைத்தால், ஏற்கெனவே எதிலும் பிடிப்பில்லாமல் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு இணைப்புகளும் அறுந்துபோகும். நண்பனைப் பார்ப்பது, விளையாடப் போவது இரண்டையும் தண்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதிகமாகப் பாராட்ட வேண்டிய கட்டமும் இதுவே. குளித்துவிட்டு மேசைக்கு வந்தது கூடப் பாராட்டுக்குரியதாக இருக்கலாம். வீட்டிலுள்ள மது, தூக்க மாத்திரை, வலி மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். போதைத் தடுப்போடு தற்கொலை ஆபத்தையும் குறைக்கும் வேலை இது. ஆனால் இந்த வகுப்பின் பாடத்தில் இதற்குப் போதிய இடமில்லை.

சமூகப் பதற்றம் உள்ள பிள்ளைக்கு, நண்பர் அழுத்தத்தை மறுக்கும் பயிற்சியே தலைவலி. கேள்வி கேள், பிரச்சினையின் பெயரைச் சொல், என்ன ஆகும் என்று சொல், மாற்று யோசனை கொடு என்று படிப்படியாகப் போகும் முறை நல்லதுதான். அதைப் பத்துப் பேர் முன் நடித்துக்காட்டச் சொன்னால் அடுத்த வாரம் பிள்ளை வராது. முதலில் பயிற்றுநரோடு தனியாக, பிறகு ஒரே ஒரு துணையோடு, கடைசியில் குழு முன் என்று ஏற்றுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரியாமல் குடிப்பதில்லை. கூட்டத்தில் பேச வாய் வரட்டும் என்று குடிக்கிறார்கள். மறுக்கும் வாக்கியம் அந்தக் காரணத்தைத் தொடாது. பதற்றத்துக்கான சிகிச்சை பக்கத்தில் தனியாக நடக்க வேண்டும்.

நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளை மட்டும் சேர்த்து ஒரு குழு அமைக்கும் மையத்தைத் தவிர்ப்பது நல்லது. அப்படிப்பட்ட குழுக்களில் ஒருவர் சாகசத்துக்கு மற்றவர் சிரித்து ஊக்கம் கொடுக்க, நடத்தை மோசமாகலாம் என்று ஆய்வாளர்கள் டிஷியன், மெக்கார்ட், பூலின் 1999-இலேயே எச்சரித்தார்கள். கலவையான குழுவா, இடைவேளையில் பயிற்றுநர் பிள்ளைகளோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயன் நிரூபிக்கப்பட்டதா? விளம்பரத் தாள்கள் காட்டும் அளவுக்கு இல்லை. 1990-களில் ஐயோவாவின் 33 பள்ளிகளில் நடந்த சோதனை நல்ல முடிவு தந்தது. பிள்ளைகள் பள்ளி முடிக்கும் வயதிலும் வித்தியாசம் தெரிந்தது. போலந்திலும் சுவீடனிலும் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. சுவீடன் வடிவத்தில் கூட்டு அமர்வுகள் குறைக்கப்பட்டிருந்தன என்பது ஒரு விளக்கமாகலாம். போலந்துக்கு அது பொருந்தாது. குடும்பத் திட்டங்கள் இளையோர் மதுப்பழக்கத்தில் தெளிவான பலன் தருவதாகக் காணவில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பாய்வும் சொன்னது. இந்தச் சான்றுகள் பெரும்பாலும் பொதுவான பிள்ளைகளைப் பற்றியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் கடுமையாக இருந்தால் டிஷியன் குழு உருவாக்கிய ‘ஃபேமிலி செக்-அப்’ பாணியில் செய்யும் இடம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். 3 சந்திப்புகள்: அறிமுக நேர்காணல், குடும்பம் பேசிக்கொள்வதைக் காணொளியில் பதிவு செய்யும் மதிப்பீடு, அதை வைத்துப் பெற்றோரோடு நேரடிப் பேச்சு. எது நன்றாக நடக்கிறது, எதை மாற்றலாம் என்று பெற்றோரே தேர்ந்தெடுப்பார்கள். குழு வகுப்பு தராத தனிப்பட்ட பொருத்தம் இதில் உண்டு. குறையும் உண்டு: நடத்துபவருக்கு ஊக்குவிப்பு நேர்காணலில் (மாறுவதற்கான காரணத்தை எதிரே இருப்பவரே சொல்லவைக்கும் பேச்சு முறை) நல்ல பயிற்சி இல்லாவிட்டால் இது வெறும் அறிவுரைக் கூட்டமாகச் சுருங்கிவிடும்.

பிள்ளை ஏற்கெனவே வாராவாரம் போதைப்பொருள் பயன்படுத்தினால், தூங்குவதற்கோ காதில் கேட்கும் குரல்கள் அடங்குவதற்கோ பயன்படுத்தினால், தடுப்பு வகுப்பின் எல்லை முடிந்துவிட்டது. மனநல மருத்துவரிடம் போங்கள். மனநலம், போதை இரண்டு சிக்கலையும் ஒரே குழு பார்க்கும் இடமாகத் தேடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால், கஞ்சா அந்த ஆபத்தைக் கூட்டும் என்பதால், கஞ்சா விஷயத்தில் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சேரும் முன் மையத்திடம் சிலவற்றைக் கேளுங்கள். இரண்டாம் மணி நேரம் முழுதாக நடக்கிறதா? 4 நினைவூட்டல் அமர்வுகள் உண்டா? பிள்ளையின் மருத்துவரோடு, உங்கள் ஒப்புதலுடன், பேசுவார்களா? தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அன்று மாலை யார் என்ன செய்வார் என்று எழுதி வைத்திருக்கிறார்களா? அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்காவது மதுப்பழக்கமோ மனச்சோர்வோ இருந்தால் தனியே சிகிச்சைக்கு அனுப்ப இடம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘அது எங்கள் வேலை இல்லை’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பெற்றோர் வீட்டிலேயே கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் வெளியில் அடக்கமாகக் குடிப்பார்கள் என்று அந்த மையத்தில் யாராவது சொன்னால், அதற்கு ஆய்வு ஆதரவு இல்லை என்று தெரிந்துகொண்டே எழுந்து வரலாம்.