இரண்டு வைத்தியசாலைகளிலும் சத்திரசிகிச்சை மறுக்கப்பட்டது: ஒரு மதிப்பீடு

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அம்மாவுக்கு வயது 72. பித்தப்பைக் கற்களால் வலி கூடியதால் இரண்டு வைத்தியசாலைகளில் காட்டினோம். இரண்டிலுமே சத்திரசிகிச்சை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆயினும் முதலாவதற்கு ஒரு நட்சத்திரமும், இரண்டாவதற்கு ஐந்து நட்சத்திரங்களும் தருகிறேன்.

முதலாவது தனியார் வைத்தியசாலை. சனல் பண்ணி, அதாவது வைத்தியரைப் பார்க்க முன்பதிவு செய்து, மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். வைத்தியர் எக்கோ எனும் இருதய ஸ்கேன் அறிக்கையைப் புரட்டிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பாராமல் என்னிடம், "ரிஸ்க் அதிகம், நாங்கள் எடுப்பதில்லை" என்றார். வலி மீண்டும் வந்தால் என்ன செய்வது, வேறு யாரிடம் போவது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. படியிறங்கும்போது அம்மா, "எனக்கு வயசாயிருச்சுன்னுதான் வேணாங்குறாங்களா?" என்று கேட்டார்.

இரண்டாவது, கண்டியில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக். கூட்டம் அதிகம், உட்கார இடமில்லை. ஆனால் அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் மயக்க மருந்து வைத்தியரையும், தமிழ் தெரிந்த ஒரு தாதியையும் அழைத்துக்கொண்டார். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இருதயத்தை வரைந்து, 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் வரை திறக்க வேண்டிய வால்வு அம்மாவுக்கு 1 சதுர சென்ரிமீற்றர்கூடத் திறப்பதில்லை என்றும், மயக்க மருந்தால் இரத்த அழுத்தம் விழுந்தால் அந்த இருதயத்தால் ஈடுகொடுக்க முடியாது என்றும் அம்மாவிடமே விளக்கினார். வயது காரணமல்ல என்று தெளிவாகச் சொன்னார். முதலில் வால்வைப் பற்றி முடிவெடுக்க இருதய நிபுணருக்குக் கடிதம் தந்தார். அதற்குள் பித்தப்பையில் கிருமி தொற்றினால், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து குழாய் வைத்து வடிக்கும் வழி உண்டு என்றார்.

ஆபத்து நன்மையை மிஞ்சும்போது மறுப்பது வைத்தியரின் கடமை என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த மறுப்பு நோயாளியின் நலனுக்காகவா, வைத்தியரின் பெயருக்காகவா என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1990களில் இருதயச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒவ்வொருவரின் மரண வீதத்தையும் வெளியிடத் தொடங்கியபோது, கடினமான நோயாளர்கள் தட்டிக்கழிக்கப்படுவார்கள் என்ற கவலையும் கூடவே எழுந்தது. காரணத்தை நோயாளியிடம் விளக்கி, அடுத்த வழியையும் காட்டுகிற இடத்தில் அந்தச் சந்தேகத்துக்கு வேலையே இல்லை.

காய்ச்சல், கண் மஞ்சளாதல், விடாத வலி ஆகிய மூன்றில் எது வந்தாலும் உடனே வரவேண்டும் என்று அந்தத் தாதி கொப்பியில் தமிழில் எழுதித் தந்தார். அம்மா அதைத் தானே வாசித்துவிட்டு, சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டார்.