ஆலிவ், சர்க்கரை, லெசித்தின்: முகக் கிரீமுக்கு எந்தப் பால்மமாக்கி?

முகத்தில் பூசும் கிரீமில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதில் நுண்துளிகளாகப் பரவியிருக்கும் எண்ணெய் மீண்டும் ஒன்றுதிரண்டு மேலே மிதந்துவிடாமல் பிடித்துவைப்பது பால்மமாக்கி, அதாவது எமல்சிஃபையர். சிறு தயாரிப்பாளர்கள் பலர் நம்பியிருப்பது மெழுகுபோன்ற கொழுப்பு ஆல்ககாலுடன் பாலிசார்பேட் 60 என்ற செயற்கைப் பால்மமாக்கி கலந்த வெள்ளை எமல்சிஃபையிங் வாக்ஸ். விலை குறைவு, பக்குவம் சற்றுத் தவறினாலும் கிரீம் பிரியாது. ஆனால் பாலிசார்பேட்டைச் செய்ய எத்திலீன் ஆக்ஸைடு தேவைப்படுகிறது. அந்த வினையில் சிறிதளவு உருவாகும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் 1,4-டையாக்சேனை உற்பத்தியாளர் பிறகு நீக்க வேண்டியுள்ளது. இந்த வழியே வேண்டாம் என்போர் தாவரவழிப் பால்மமாக்கிகளைத் தேடுகிறார்கள்.

அவற்றில் அதிகம் பேசப்படுவது, ஒலிவெம் 1000 என்ற பெயரில் விற்கப்படும் செட்டியரில் ஆலிவேட், சார்பிட்டன் ஆலிவேட் கலவை. ஆலிவ் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் ஒருபுறம் செட்டியரில் ஆல்ககால் என்ற கொழுப்பு ஆல்ககாலோடும், மறுபுறம் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் சார்பிட்டாலோடும் இணைக்கப்படுகின்றன. ஆலிவ் என்ற பெயரில் மயங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தச் செட்டியரில் ஆல்ககால் பெரும்பாலும் பாமாயிலிலிருந்தோ தேங்காயெண்ணெயிலிருந்தோ வருவது. இதன் உண்மையான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. எண்ணெய்த் துளிகளைச் சுற்றி இது அடுக்கடுக்கான திரவப்படிக அமைப்பை உருவாக்குகிறது. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே கொழுப்புகள் அமைந்திருக்கும் முறையும் ஏறத்தாழ அதுவே என்பதால், வறண்ட சருமத்தில் ஈரம் நீடிக்கிறது. 3 முதல் 5 சதவீதம் சேர்த்து, எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியே 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கி, ஸ்டிக் பிளெண்டரால் நன்றாக அடிக்க வேண்டும். கையால் கலக்கினால் போதாது. பக்குவம் தவறினால் கிரீம் மணல்மணலாகிவிடும். சரியாக வந்தாலும் தேய்க்கும்போது சோப்பு நுரைபோல் வெள்ளைக் கோடு விழும். பயனர்கள் முதலில் குறை சொல்வது அந்தக் கோட்டைத்தான். இலகுவான எண்ணெய்களுக்கு மாறினால் ஓரளவு குறையும்.

செட்டியரில் குளுக்கோசைடு குளுக்கோஸையும் கொழுப்பு ஆல்ககாலையும் இணைத்துச் செய்யப்படுவது. மொன்டானோவ் 68 என்ற பெயரில் விற்கப்படுவது இந்த வகை. இதுவும் திரவப்படிகம் தருவதே. 2017-இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் ஆல்கைல் குளுக்கோசைடுகளை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்ததைச் சிலர் நினைவூட்டக்கூடும். அங்கே முதன்மையாகச் சுட்டப்பட்டவை, ஷாம்பு, சோப்புத் திரவங்களில் வரும் டெசில், லாரில் குளுக்கோசைடுகள். ஆயினும் ஷாம்பு ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாதவர்கள் முழங்கையின் உட்புறத்தில் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

சோயாவிலும் சூரியகாந்தியிலும் கிடைக்கும் லெசித்தினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நம் உடலின் செல் சவ்வுகளிலும் உள்ள பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்புகள் கொண்டது என்பதால் மூன்றில் தோலுக்கு மிகவும் நெருக்கமானது இதுவே. ஆனால் நிறம் பழுப்பு, கை பிசுபிசுக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஹைட்ரஜனேற்றிய லெசித்தினில் இக்குறைகள் குறைவு, விலை கூடுதல்.

என் தேர்வைத் தீர்மானிப்பது சருமத்தின் வகைதான். தேமலுக்குக் காரணமான மலசேசியா என்ற பூஞ்சை கொழுப்பு அமிலங்களை உண்டு வளர்வது. ஆய்வுக்கூடத்தில் அதை வளர்க்கும் ஊடகங்களில் பாலிசார்பேட்டையே சேர்ப்பதுண்டு. பாலிசார்பேட்டைப் போலவே ஆலிவேட்டுகளும் எஸ்டர்களே, அதாவது கொழுப்பு அமிலம் ஆல்ககாலோடு பிணைந்தவை. ஆகவே அடிக்கடி தேமல் வருபவர்களுக்கும் எண்ணெய் வடியும் முகத்துக்கும் குளுக்கோசைடையே சொல்வேன். அதில் உள்ளது கொழுப்பு அமிலத்தின் எஸ்டர் பிணைப்பு அல்ல. வறண்டு வெடிக்கும் கைகால்களுக்கு, வெள்ளைக் கோட்டைப் பொறுத்துக்கொண்டாவது, ஆலிவேட்டுதான். லெசித்தினைத் தனியே நம்பாமல் இவற்றில் ஒன்றுடன் சிறிதளவு துணையாகச் சேர்க்கலாம்.