ஐஸ்கிரீம் டப்பாவா, பார்சல் டப்பாவா, பெட் ஜாடியா? மதியச் சாப்பாட்டுக்கு எது தாங்கும்

அடுக்களை அலமாரியில் காலி டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி நிற்காத வீடு குறைவு. தூக்கிப் போட மனசு வராது. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு ஆகுமே என்று எடுத்து வைப்போம். சிலது ஆகும், சிலது ஆகாது. கெட்டியாக இருக்கிறதே என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் பெரும்பாலும் ஏமாற்றம். சூடு தாங்குமா, மூடி ஒழுங்காக உட்காருமா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

டப்பாவைக் கவிழ்த்தால் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். சுடச்சுட வடித்த சோற்றுக்கும் அசையாது. உருகவே 160 டிகிரிக்கு மேல் வேண்டும். 1 என்றால் பெட் (PET), தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக். 70 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். 6 பாலிஸ்டைரீன்; அமுக்கினால் மொறுக்கென்று சத்தம் கேட்டு வெள்ளைக் கோடு விழும். எண் தேய்ந்து போயிருந்தால் விளிம்பில் நகமளவு துண்டு வெட்டி, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் சூடான எதற்கும் வேண்டாம்.

பெயின்ட், சோப்புத் தூள், ஷாம்பு, பினாயில் வந்த டப்பாக்களைப் போட்டிக்கே சேர்க்கவில்லை. அந்த வாடை பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறியிருக்கும், எத்தனை தடவை கழுவினாலும் போகாது. 5 லிட்டர் எண்ணெய் கேனை வெட்டிப் பயன்படுத்துவதும் வீண் வேலை. சுவரில் ஒட்டிய எண்ணெய் சிக்கு வாடை அடித்து இட்லியில் ஏறும்.

ஐஸ்கிரீம் டப்பா

பெரும்பாலும் 5. சுவர் ஓரளவு கனம், விளிம்பு மடித்த மாதிரி தடிப்பு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை லிட்டர் டப்பா போதும். 1 லிட்டரில் ஒரு கப் எலுமிச்சைச் சாதத்தைப் போட்டால், வேனில் ஆடி ஆடி ஒரு பக்கமாக ஒதுங்கி, பொரியலோடு கலந்து கிடக்கும். பெரிய டப்பாதான் இருக்கிறது என்றால் உள்ளே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துப் பொரியலை அதில் போடலாம்.

இதன் பலவீனம் மூடி. ரப்பர் வளையம் கிடையாது, விளிம்பைக் கவ்வுவதோடு சரி. சோதிக்க ஒரு வழி: முக்கால் டப்பா தண்ணீர் ஊற்றி மூடி, பழைய செய்தித்தாள் மேல் 10 நிமிஷம் கவிழ்த்து வையுங்கள். தாளில் வட்டமாக ஈரம் படிந்தால் ரசம், மோர் வகையறா அதில் போகக்கூடாது. கெட்டியான தயிர்சாதம், பொடி தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள் போகலாம்.

பார்சல் டப்பா

ஹோட்டலில் சாம்பாரும் பிரியாணியும் வருகிற வெள்ளை, கறுப்பு டப்பாக்களும் பெரும்பாலும் அதே 5தான். ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொண்டு சேர்க்கச் செய்தவை, சுவர் மெலிசு. புதிதில் மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், ஐஸ்கிரீம் டப்பாவை விடவும் இறுக்கம். தினமும் திறந்து மூடினால் கவ்வும் விளிம்பு சீக்கிரமே தளர்ந்துவிடும். கறுப்பு டப்பாவில் மஞ்சள் கறை தெரியாதே என்று விரும்புபவர்கள் உண்டு. கீறலும் அழுக்கும் தெரியாது என்பதும் அதே காரணத்தால்தான்.

இரண்டு வகை டப்பாவிலும் நடக்கிற ஒரு கூத்தைச் சொல்லவேண்டும். ஆவி பறக்க சாம்பார் சாதத்தைப் போட்டு மூடுகிறோம். உள்ளே ஆவி நிரம்பி மூடி உப்புகிறது, விளிம்பு வழியே கொஞ்சம் வெளியேறுகிறது. ஆறியதும் மீதி ஆவி நீராகி, மூடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. பன்னிரண்டரைக்கு யு.கே.ஜி. பிள்ளை நகத்தால் நெம்பிப் பார்க்கும், பிறகு பல்லால் இழுக்கும். படக்கென்று திறந்து பாதி சாதம் மடியில். மூடியிலிருந்து சொட்டிய தண்ணீரில் மீதி நொசநொசத்துக் கிடக்கும். சாதத்தைத் தட்டில் பரப்பி 15 நிமிஷம் ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் போட்டு மூடினால் இந்தத் தொல்லை இல்லை. மூடியைத் திறக்க வீட்டிலேயே இரண்டு நாள் பழக்கிவிடுவதும் நல்லது.

காலை 7 மணிக்குக் கட்டினது மதியம் வரை வெதுவெதுப்பில் இருக்கும் என்பதால், இந்த டப்பாக்களுக்கு எலுமிச்சை, புளி சேர்ந்த சாதங்களே பாந்தம். தேங்காய்ச் சட்னியை வெயில் காலத்தில் எந்த டப்பாவிலும் அனுப்பாதீர்கள்.

பெட் ஜாடியும் வெட்டின பாட்டிலும்

பிஸ்கட், ஊட்டச்சத்துப் பானம் வருகிற கண்ணாடி மாதிரி ஜாடிகள் 1. திருகு மூடி, ஒழுகுவதில்லை, பார்க்கவும் அழகு. கடலை மிட்டாய், முறுக்கு, பொரி, வெட்டின வெள்ளரிக்காய்க்கு இதை மிஞ்ச ஆளில்லை. சூடாக எதையும் போட்டால் இடுப்பு சுருங்கிக் கோணிவிடும். கொதிநீரில் கழுவினாலும் அதே கதை.

குளிர்பான பாட்டிலின் அடிப்பாகம் இரண்டை வெட்டி, நடுவே ஜிப் வைத்து உருண்டை டப்பா செய்யும் வழக்கமும் இருக்கிறது. 2 லிட்டர் பாட்டிலின் குறுக்களவு ஏறக்குறைய 11 செ.மீ., சுற்றளவு 34.5 செ.மீ.; ஆகவே 36 செ.மீ. ஜிப் வாங்கவேண்டும். பாட்டிலைச் சுற்றி டேப் ஒட்டி அதன் ஓரமாகவே கத்தரித்தால் வெட்டு நேராக வரும். வெட்டின விளிம்பு கையைக் கிழிக்கும். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, பட்டர் பேப்பரை இடையே கொடுத்து, விளிம்பைச் சில விநாடி அழுத்தினால் பெட் உள்பக்கமாகச் சுருண்டு மழுங்கிவிடும். பிறகு சூடாக்கிய ஊசியால் அரை செ.மீ.க்கு ஒரு துளை போட்டு ஜிப்பைத் தைக்கவேண்டும். பசைத் துப்பாக்கிப் பசை வெயிலில் இளகிப் பிரிந்துவிடும்.

இவ்வளவு செய்த பிறகும் இது சாப்பாட்டு டப்பா ஆகாது. பாட்டிலின் அடியில் இருக்கிற ஐந்து குழிகளில் தேங்குவதை விரல் எட்டி எடுக்காது, ஜிப்பின் துணி நனைந்தால் சீக்கிரம் காயாது, எறும்பும் வரும். தோல் உரிக்காத ஆரஞ்சு ஒன்றை வைத்து அனுப்பலாம். மற்றபடி பென்சில் டப்பாதான்.

சில்வர் டப்பாவோடு ஒப்பிட்டால்

சாம்பார், ரசம், குழம்பு, எண்ணெயில் மிதக்கிற புளியோதரை என்றால் ரப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள எவர்சில்வர் டப்பாதான். பாலிப்ரொப்பிலீன் எண்ணெயைக் குடிக்கும். எண்ணெயோடு மஞ்சள் நிறமும் உள்ளே இறங்கிவிடும். எடையிலும் விலையிலும் சில்வர் தோற்கிறது. வாரம் ஒன்றைப் பள்ளியில் தொலைத்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் டப்பா போனால் யாரும் திட்டப்போவதில்லை. ஆகவே இடைவேளைத் தீனிக்கும் உலர்ந்த டிபனுக்கும் பழைய டப்பா, சாப்பாட்டுக்குச் சில்வர் என்று பிரித்துக்கொள்வது எங்களுக்குச் சரியாகப் படுகிறது. பார்சல் டப்பா, திருப்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற சுற்றுலா நாளுக்கு.

கழுவும்போது கம்பி நார் ஆகவே ஆகாது. கீறலில் எண்ணெய் உட்காரும், அதிலிருந்து வாடை. ஸ்பாஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். மஞ்சள் கறையை அரை நாள் வெயில் மங்கவைக்கும். தினமும் வெயிலில் போட்டால் டப்பா மொறுமொறுத்து உடையும். மூடியைப் போட்டு வைக்காமல் தனியே கவிழ்த்து வையுங்கள். மூடி மடங்குகிற இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ, உள்சுவர் கழுவின பிறகும் பிசுக்கென்று ஒட்டினாலோ அது பையில் போகவேண்டாம். மூடியைப் பழைய பிளாஸ்டிக்கோடு போட்டுவிட்டு, அடியில் நான்கு துளையிட்டால் வெந்தயக் கீரை போடலாம்.