மறைமலை நகர்: பெயர்ப் பலகை இல்லாத ஒரு மெஸ்

மறைமலை நகர் ஸ்டேஷனில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் நடந்தால் ஒரு தகர ஷெட் வரும். காலை ஆறரைக்கே கம்பெனி யூனிஃபார்மில் பத்துப் பேர் வாசலில் நின்றால் அதுதான் இடம். பெயர்ப் பலகை கிடையாது. ‘அக்கா மெஸ்’ என்று கேட்டால் ஷேர் ஆட்டோக்காரர்கள் காட்டிவிடுவார்கள். ஏழு வருடமாக நான் இங்கேதான் சாப்பிடுகிறேன்.

முதலில் வடகறி. நிறைய கடைகளில் முந்தின நாள் மிஞ்சிய மசால்வடையைப் பிய்த்துக் குழம்பில் போட்டுவிடுவார்கள். அக்கா கடலைப்பருப்பைக் கொரகொரவென்று அரைத்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, கையால் உதிர்த்துப் போடுகிறார். சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும், எண்ணெய் மிதக்காது. சி ஷிஃப்ட் முடித்து, ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிற வயிற்றுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நின்றவர்களுக்குத் தெரியும். நாலு இட்லி, வடகறியோடு 40 ரூபாய்.

மதியச் சாப்பாடு 80 ரூபாய். சாதம், சாம்பார், ரசம், மோர் எல்லாம் கேட்கக் கேட்க வரும். வியாழக்கிழமை சுண்டைக்காய் வத்தக்குழம்பு. அன்றைக்கு மட்டும் நான் சாம்பார் பக்கமே போவதில்லை. குறையும் சொல்ல வேண்டும். கை கழுவ ஒரே குழாய். ஒரு மணிக்கு வந்தால் உட்காரவே பதினைந்து நிமிடம் ஆகும், கேன்டீன் இல்லாத சின்ன யூனிட்களில் மொத்த லஞ்ச் பிரேக்கே அரை மணி நேரம்தான். ராத்திரி தோசைக்கு வருகிற சாம்பார் தண்ணீராகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறது. ‘பிளான்’, ‘ஆக்சுவல்’ என்று இரண்டு கட்டம், அதாவது போட வேண்டியது எவ்வளவு, போட்டது எவ்வளவு. கார் ஆலையில் லைனில் நின்றவர்களுக்கு உடனே புரியும். அங்கே ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டி என்று எழுதுவார்கள், இங்கே இட்லிக் கணக்கு. தரையிலும் மஞ்சள் பெயின்ட்டில் கட்டம் போட்டிருக்கிறது. சாம்பார் வாளி, தண்ணீர் டிரம், குப்பைக் கூடை என்று எதுவும் தன் கட்டத்தை விட்டு வெளியே இருக்காது. அக்காவின் வீட்டுக்காரர், எங்களுக்கு அண்ணன், அவர் போட்டது. இங்கே இருந்த ஃபோர்டு கார் ஆலையின் பாடி ஷாப்பில் பதினேழு வருடம் வெல்டிங் பார்த்தவர் அவர்.

இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது 2021 செப்டம்பர் 9 அன்று. இங்கே பர்மனென்ட் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 2,600 பேர். ஆலையை மூடினால் ஒரு வருட சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம் என்பதுதான் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்.  அதைவிட நல்ல தொகை வேண்டும் என்று 2022 மே கடைசியில் வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்தார்கள். கம்பெனி சராசரியாக 115 நாள் என்றது. ஜூலையில் கடைசி எகோஸ்போர்ட் கார் லைனை விட்டு இறங்கியது. செட்டில்மென்ட் கடைசியில் 130 நாளுக்கு வந்தது. அண்ணன் செட்டில்மென்ட் பணத்தில் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தில் இந்த ஷெட்டைப் பெரிதாக்கினார்.

எனக்கு செட்டில்மென்ட் எதுவும் இல்லை. கார் ஆலைக்கு சீட் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு வெண்டார் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். 2022 ஜூனில் கான்ட்ராக்டர் போன் செய்து “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றார், அவ்வளவுதான். அப்போது மெஸ் நோட்டில் என் பெயரில் 2,340 ரூபாய் பாக்கி. அண்ணனே ஆலைக்குள் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. அந்த வீட்டுக்கும் சம்பளம் வருமா வராதா என்று தெரியாது. பாக்கியைச் சொல்லி, ஊருக்குப் போகிறேன் என்று நின்றபோது அக்கா நோட்டைத் திறக்கவே இல்லை. “சாப்பிட்டியாடா முதல்ல?” என்றார். அடுத்த மூன்று மாதமும் காலையில் இட்லி போட்டார். ஒரகடத்தில் வேறு வேலை கிடைத்த பிறகு நாலு தவணையில் அடைத்தேன்.

சம்பள ஒப்பந்தப் பேச்சு நடக்கிற நாட்களில் மெஸ்ஸில் சத்தம் கூடிவிடும். மூன்று வருடத்துக்கு எவ்வளவு ஏற்றம், பேஸிக்கில் எவ்வளவு என்று பர்மனென்ட் ஆட்கள் ஒரு மேஜையில் கணக்குப் போடுவார்கள். கான்ட்ராக்ட் பையன்களும் டிரெய்னிகளும் அடுத்த மேஜையில் தலையைக் குனிந்து சாப்பிடுவார்கள். ஒரே லைன், ஒரே ஸ்க்ரூ, சம்பளம் மட்டும் வேறு. “அதிகம் கேட்டீங்க, அதான் கம்பெனி போச்சுன்னு சொல்றாங்களே அண்ணே” என்று ஒருநாள் அக்காவின் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “வண்டி விக்கல, நஷ்டம்னு அவங்களே சொல்லித்தான் மூடுனாங்க. நாங்க காசு கேட்டது மூடுறோம்னு சொன்னதுக்கு அப்புறம் தம்பி. கேட்டது தப்பே இல்ல. உங்களுக்கும் சேர்த்துக் கேக்காம விட்டோம் பாரு, அதுதான் தப்பு.” இதை என்னிடம் நேராகச் சொன்ன ஒரே பர்மனென்ட் ஆள் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

இப்போது அதே ஆலையில் 2029-இல் எஞ்சின் தயாரிப்பு தொடங்கும், 600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்று 2025 அக்டோபரில் ஃபோர்டும் தமிழ்நாடு அரசும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்று மெஸ்ஸில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: அதில் பர்மனென்ட் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை?

சரி, போகிறவர்களுக்கு: ஏழரைக்குள் போய்விடுங்கள், எட்டு மணிக்கு மேல் வடகறி இருக்காது. பைக்கை எதிர்ச் சுவரோரம் நிறுத்துங்கள், வாசலில் நிறுத்தினால் தண்ணீர் லாரி உள்ளே வர முடியாது. சாப்பிட்ட தட்டை மஞ்சள் கட்டத்துக்குள் வையுங்கள். ஞாயிறு விடுமுறை.