குட்டித் தவளை, 'ஸ்பெஷல் சாப்பாடு' என்று 7,400 ரூபாய் போய்விட்டது. மட்டக்களப்பு ஆட்கள் கவனம்!

நேற்று இரவு மகன் அழுதழுது தூங்கினான். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். 7,400 ரூபாய் போனது ஒரு பக்கம். வாயில்லாச் சீவன் ஒன்று கண்ணுக்கு முன்னால் பட்டினியில் செத்ததுதான் மனசை அறுக்கிறது.

ஆன்லைனில் செல்லப்பிராணி விற்கிற ஒரு பக்கம். காசை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, சாமானை டவுனில் ஒரு மீன்தொட்டிக் கடையில் போய் எடுக்க வேண்டும். மகன் கேட்டது ஆப்பிரிக்கக் குட்டித் தவளை. தண்ணீருக்குள்ளேயே வாழும், மூச்சுவிட மட்டும் மேலே வந்துபோகும், நாலு கைகால்களிலும் விரலிடைச் சவ்வு இருக்கும். வந்த இரண்டும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

காசு போடுவதற்கு முன்னால் நான் இதைத்தான் கேட்டேன்: "குட்டிதானே தம்பி, என்ன சாப்பாடு போடுறது?" உடனே விற்கிறவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. "அக்கா, என்ட பிள்ளைகளும் இதைத்தான் போடுறாங்க. எங்கட ஸ்பெஷல் சாப்பாடு ஒன்று இருக்கு, வேற ஒன்றும் தேவையில்ல." பின்னால் ஒரு சின்னப்பிள்ளை சிரிக்கிற சத்தமும் கேட்டது. பிள்ளை வைத்திருக்கிற மனுசன் பொய் சொல்லமாட்டான் என்று நம்பினேன். தவளை இரண்டுக்கும் 3,600, சாப்பாட்டுக்கு 2,300, தண்ணீரில் விடுகிற விட்டமின் சொட்டுக்கு 1,500. மொத்தம் 7,400.

அந்தச் சாப்பாடு தண்ணீரில் மிதக்கிற சிவப்பு உருண்டை. தவளை அடியில் கிடக்கிறது, உருண்டை மேலே மிதக்கிறது. ஊறிப்போய் ஒன்றிரண்டு கீழே இறங்கினால், முன்கைகள் இரண்டாலும் வாய்க்குள் தள்ளிப் பார்க்கும், மறுகா துப்பிவிடும். ஒரு கிழமையில் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

விற்றவருக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். "பழகும் வரைக்கும் அப்படித்தான் அக்கா." இரண்டாம் முறை, "தண்ணி சரியில்ல, குழாய்த் தண்ணியில குளோரின்." நாங்கள் கல்லடியில் இருக்கிறோம், தொட்டிக்கு விட்டது கிணற்றுத் தண்ணீர்! அதைச் சொன்னதும் "பார்த்துச் சொல்றன்" என்று வைத்தவர்தான், அப்புறம் எடுக்கவே இல்லை. கடைக்குப் போனால், "நாங்க பார்சல் கொடுக்கிறது மட்டும்தான், அந்தப் பக்கத்தில கேளுங்க" என்கிறார்கள். ஆன்லைன் பக்கத்தில் கேட்டால் "கடையில் கேளுங்க". மூன்றாம் தடவை பாலம் தாண்டிப் போய்வந்த அன்று என் நம்பரையே தடுத்துவிட்டார்கள்.

நேற்றுப் பின்னேரம் ஒன்று செத்துப் போனது. ஆத்திரத்தில் அந்த டப்பாவின் லேபிளை நகத்தால் கிளப்பினேன். அடியில் இன்னொரு லேபிள், அதில் தங்கமீன் படம்! சாதாரண மீன் சாப்பாட்டின் மேல் 'தவளை' என்று ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

மீன் வளர்க்கிற ஒரு அண்ணன் இரவு வந்து பார்த்துத்தான் விஷயம் விளங்கியது. இந்தத் தவளைக்கு நாக்கே இல்லை. மணத்தை வைத்துத் தேடி, உறிஞ்சித்தான் விழுங்கும். வேண்டியது இறைச்சிச் சாப்பாடு, அதுவும் அதன் வாய் அளவுக்குச் சின்னதாக. உறைய வைத்த இரத்தப்புழுவை (மீன்களுக்குப் போடுகிற சின்னச் சிவப்புப் புழு) கரையவிட்டு, பொடியாக நறுக்கி, மூக்குக்குப் பக்கத்தில் சொட்டுக்குழாயால் விட வேண்டும். குட்டி என்றால் தினமும் கொஞ்சம். மிஞ்சினதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும்.

நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. மிதக்கிற உருண்டையை நம்பாதீர்கள். கடையில் உங்கள் கண்ணுக்கு முன்னால் தவளை சாப்பிடுவதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். குரல் பதிவை அழிக்காதீர்கள், பில் வாங்குங்கள். எனக்குப் பில்லும் தரவில்லை. நுளம்புப்புழு வளர்த்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், டெங்கு இருக்கிற ஊர் இது.

இன்னொன்று, தொட்டியில் கை விட்டால் சோப் போட்டுக் கழுவுங்கள். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் இதே தவளைகளால் சால்மோனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி பரவியது, கூடுதலாகப் பாதிக்கப்பட்டது சின்னப்பிள்ளைகள். என் மகன் 18 நாளாகத் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். விற்றவர் ஒரு சொல் சொல்லவில்லை.

மிச்சமிருக்கிற ஒன்று இன்று காலையில் மூன்று துண்டு விழுங்கியது. அந்த டப்பாவோடு நாளைக்கு மறுபடி கடைக்குப் போகிறேன். 7,400 ரூபாயையும் கேட்பேன்.