பாஸா காருசோவா, 26-ஆ 27-ஆ: லாஸ் ஏஞ்சலஸின் 2022 வாக்குச்சீட்டு

அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் வந்தால் நம் ஊர்ச் செய்திகளில் ஒரே கேள்விதான் ஓடும்: நாடாளுமன்றம் யார் கைக்குப் போகும்? 2022 நவம்பர் 8-க்கு முந்தைய வாரங்களிலும் அப்படித்தான் ஓடியது. லாஸ் ஏஞ்சலஸ் வாக்காளரிடம் அதைக் கேட்டிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார். கலிஃபோர்னியாவில் ஆளுநர் கேவின் நியூசம் மறுபடி ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதிர்த்து நின்ற பிரையன் டாலியின் பெயரைச் சொன்னால் 'யார் அது?' என்று கேட்டவர்களே அதிகம். உண்மையான சண்டை மேயர் பதவிக்கும், மாநில அளவில் மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட முன்மொழிவுகளுக்கும்தான் நடந்தது.

அந்த மாநிலத்தில் பதிவு செய்த வாக்காளர் எல்லோருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். அக்டோபர் இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு மாதம் அதை வைத்துக்கொண்டு யோசிக்கலாம். நிரப்பி, உறையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். அதனால் பிரச்சாரமும் கடைசி இரண்டு நாள் ஆரவாரமாக இல்லாமல் ஒரு மாதம் நீளும். டிவியைப் போட்டால் விளம்பரம், யூடியூபைத் திறந்தால் விளம்பரம், தபால் பெட்டியில் பளபளப்பான அட்டைகள்.

அந்தச் சீட்டில் இருந்த இரண்டு போட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஒன்று மேயர் தேர்தல்: கேரன் பாஸ், ரிக் காருசோ என்ற இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கேட்ட 26, 27 என்ற இரண்டு முன்மொழிவுகள்: இரண்டையுமே வேண்டாம் என்று தள்ளலாம். பணம் இரண்டிலும் தண்ணீராய் ஓடியது. இரண்டிலும் விற்கப்பட்ட சரக்கும் ஒன்றுதான்: தெருவில் படுத்திருப்பவர்களுக்கு வீடு.

முதலில் சூதாட்டம். விளையாட்டுப் பந்தயத்துக்கு நாடு முழுக்க இருந்த தடைச்சட்டத்தை 2018-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றிலிருந்து மாநிலம் மாநிலமாகக் கதவு திறந்தது. கிட்டத்தட்ட 4 கோடி மக்கள் இருக்கும் கலிஃபோர்னியாதான் எல்லோரும் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்த சந்தை. அங்கே ஏற்கெனவே ஒரு முதலாளி இருந்தார். 2000-இல் மக்கள் வாக்களித்துக் கொடுத்த உரிமையின்படி, லாஸ் வேகாஸ் பாணி சூதாட்டம் பழங்குடியினரின் நிலத்தில் உள்ள கேசினோக்களில் மட்டும்தான் நடக்கலாம்.

முன்மொழிவு 26 அந்தப் பழங்குடி அமைப்புகள் கொண்டுவந்தது. பந்தயம் கட்ட வேண்டுமென்றால் நேரில் வரவேண்டும். அவர்களுடைய கேசினோவுக்கோ, மாநிலத்தில் அன்று இருந்த நான்கு தனியார் குதிரைப் பந்தய மைதானங்களுக்கோ. கூடவே ரூலெட், பகடை ஆட்டங்களுக்கும் அனுமதி. வாக்காளர் கண்ணில் லேசில் படாத ஒரு ஷரத்தும் அதற்குள் இருந்தது: சீட்டாட்டக் கூடங்கள் சட்டத்தை மீறுவதாகத் தோன்றினால் தனியாரே அவற்றின் மேல் வழக்குப் போடலாம். கார்டீனா, காமர்ஸ் போன்ற லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துச் சின்ன நகரங்களின் நகராட்சி வருமானத்தில் பெரிய பங்கு இந்தக் கூடங்கள் கட்டும் வரிதான். அவை அலறியதில் ஆச்சரியம் இல்லை.

முன்மொழிவு 27 டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல், பெட்எம்ஜிஎம் மாதிரியான ஆன்லைன் கம்பெனிகளுடையது. கைபேசியிலேயே பந்தயம் கட்டலாம். 10 சதவீத வரி. அதில் செலவு போக மீதியில் 85 சதவீதம் வீடற்றோருக்கும் மனநலச் சிகிச்சைக்கும், 15 சதவீதம் இதில் சேராத பழங்குடிகளுக்கும். சட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே வீடற்றோர் பிரச்சினைக்கும் மனநலத்துக்கும் தீர்வு என்று இருந்ததே தவிர, பந்தயம் என்ற சொல் தலைப்பில் எங்கும் இல்லை. விளம்பரங்களும் அப்படித்தான் தொடங்கின. கூடாரங்களைக் காட்டி, கண்ணீரைக் காட்டி, கடைசியில் 27-க்கு ஆம் போடுங்கள் என்றன. இதைப் பார்த்து ஏமாறும் அளவுக்கு அங்கே யாரும் புதிதாக வந்து இறங்கியவர்கள் இல்லை.

இரண்டையும் ஒப்பிட்டால் 26 எனக்குச் சற்று நேர்மையாகத் தெரிகிறது. 'சூதாட்டம் எங்களுடையது, எங்களிடமே இருக்கட்டும்' என்று அது வெளிப்படையாகச் சொன்னது. கைபேசிப் பந்தயத்தின் ஆபத்து வேறு ரகம்; ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையிலிருந்தே சம்பளத்தைத் தொலைக்கலாம். நம் ஊரில் ஆன்லைன் ரம்மி என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 26-இலும் ஓட்டை இருந்தது, சீட்டாட்டக் கூடங்களைப் பழிவாங்கும் அந்த ஷரத்து. பந்தயத்தைக் கேட்டு வந்தவர்கள் போட்டியாளரின் கழுத்துக்கும் சேர்த்துக் கயிறு கொண்டுவந்தார்கள்.

இரு பக்கமும் சேர்ந்து கொட்டிய பணம் 40 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் 3,000 கோடி ரூபாயைத் தாண்டும். மக்கள் வாக்கெடுப்பு ஒன்றுக்கு அமெரிக்கா அதுவரை அவ்வளவு செலவு பார்த்ததில்லை. 27-க்கு மேஜர் லீக் பேஸ்பால் ஆதரவு தந்தது. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டும் எதிர்த்தன. கலிஃபோர்னியாவில் இந்த இரண்டும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். அக்டோபரில் வந்த பெர்க்லி பல்கலைக்கழகக் கருத்துக்கணிப்பில் 27-க்கு ஆதரவு கால்வாசியைச் சற்றுத்தான் தாண்டியது. அதற்கு முன்பே கம்பெனிகள் விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. முடிவில் 27-க்கு 18 சதவீதம்கூடத் தேறவில்லை. 26-க்கு மூன்றில் ஒரு பங்கு. பழங்குடிகளுக்கு அது தோல்வியே இல்லை. 27 செத்ததே அவர்களுக்குப் போதும், சந்தை அவர்கள் கையிலேயே தங்கியது. தான் ஜெயிப்பதைவிட எதிரி தோற்பது முக்கியமாகிற தேர்தல்களை நாமும் பார்த்திருக்கிறோமே.

மேயர் போட்டிக்கு வருவோம். அங்கே மேயர், நகர மன்ற உறுப்பினர் தேர்தல்களில் கட்சிப் பெயர் கிடையாது, நம் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலைப் போல. பெயருக்குக் கீழே தொழிலைக் குறிக்க இரண்டு மூன்று வார்த்தை, அவ்வளவுதான். நோட்டாவும் இல்லை. பக்கத்து மாநிலமான நெவாடாவில் உண்டு, இங்கே கிடையாது.

கேரன் பாஸ் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர். 1990-இல் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் கம்யூனிட்டி கோயலிஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். கிராக் கோகைன் என்ற போதைப்பொருள் அந்தப் பகுதியைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. 2008-இல் மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகர். அமெரிக்க மாநிலச் சட்டமன்றம் எதிலும் அந்த நாற்காலியில் அதுவரை கறுப்பினப் பெண் உட்கார்ந்ததில்லை. 4,200 கோடி டாலர் பட்ஜெட் துண்டு விழுந்த சமயத்தில் எதிர்க்கட்சித் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி, இரு தரப்புத் தொண்டர்களிடமும் திட்டு வாங்கி ஒரு முடிவுக்கு வந்தார். 2011 முதல் அந்தத் தேர்தல் வரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்.

ரிக் காருசோ கட்டட முதலாளி. தி குரோவ், கிளெண்டேலில் உள்ள அமெரிக்கானா போன்ற வணிக வளாகங்கள் அவருடையவை. செயற்கை நீரூற்று, டிராம் வண்டி, துடைத்துவைத்த நடைபாதை என்று எல்லாம் சுத்தமாக இருக்கும். நகரத்தையே இப்படி மாற்றுவேன் என்பதுதான் அவருடைய சொல்லாத வாக்குறுதி. வெறும் பணக்காரர் என்று ஒதுக்கவும் முடியாது. இருபத்தாறு வயதிலேயே மின்சார, குடிநீர் வாரிய ஆணையத்தில் உறுப்பினர். பிறகு காவல்துறை ஆணையத்தின் தலைவர். வில்லியம் பிராட்டனைக் காவல் தலைவராகக் கொண்டுவந்தது அந்தக் காலத்தில்தான். பலவீனம் கட்சி. நெடுநாள் குடியரசுக் கட்சிக்காரர், பிறகு எந்தக் கட்சியும் இல்லாதவர், 2022 ஜனவரியில் ஜனநாயகக் கட்சி. தேர்தல் வருடத்தில் கட்சி மாறினால் ஜனம் என்ன பேசும் என்பது உலகத்துக்கே பொது.

வீடற்றோர் விஷயத்தில் இருவரும் எண்களால் மோதிக்கொண்டார்கள். அந்த வருடக் கணக்கெடுப்பில் நகரத்துக்குள் மட்டும் 41,980 பேர். முதல் வருடத்தில் 17,000 பேரை உள்ளே கொண்டுவருவேன் என்றார் பாஸ். 300 நாளில் 30,000 படுக்கை என்றார் காருசோ. போலீஸிலும் இதே ஏலம்: அனுமதிக்கப்பட்ட 9,700 என்ற அளவை நிரப்பினால் போதும் என்றார் பாஸ், 1,500 பேரைக் கூடுதலாகச் சேர்ப்பேன் என்றார் காருசோ. பாஸ் வீட்டிலேயே திருடர்கள் புகுந்து இரண்டு துப்பாக்கிகளைக் கொண்டுபோனது செப்டம்பரில். எதிர்த்தரப்பு இதை விடுமா?

இந்த எண்களையெல்லாம் நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் அந்த நாற்காலியின் அமைப்பு. லாஸ் ஏஞ்சலஸ் மேயர் நியூயார்க் மேயர் மாதிரி சர்வ வல்லமை படைத்தவர் அல்ல. பதினைந்து பேர் கொண்ட நகர மன்றம் ஒவ்வொரு இடத்தையும் கறாராகக் காக்கும். பள்ளிகளுக்குத் தனி வாரியம். மனநலம், போதை மறுவாழ்வு, பொது மருத்துவம் எல்லாம் நம் மாவட்டம் மாதிரியான கவுண்டியின் கையில். அங்கே ஐந்து மேற்பார்வையாளர்கள் ராஜ்யம். ஒரு கூடாரத்தை அகற்றி அந்த ஆளை அறைக்குள் கொண்டுபோக நகரம் இடம் தரவேண்டும், கவுண்டி ஊழியரை அனுப்ப வேண்டும், மாநிலம் பணம் தரவேண்டும். உத்தரவு போட்டுப் பழகிய முதலாளிக்கு இது தலைவலி பிடித்த வேலை. நாலு பேரிடம் போய்ப் பேசி, கெஞ்சி, விட்டுக்கொடுத்துப் பழகியவருக்குக் கொஞ்சம் வசதி. எனக்கு பாஸ் பக்கம் தராசு சாய்வது இதனால்தான். ஒபாமாவும் பைடனும் ஆதரித்ததால் அல்ல. அந்தப் பக்கம் ஈலான் மஸ்க், கிம் கர்தாஷியன் எல்லோரும் காருசோவுக்குக் கைகாட்டினார்கள். நட்சத்திர ஆதரவில் அவர் குறைந்துபோய்விடவில்லை.

தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது, அக்டோபர் 9 அன்று, வெடிகுண்டு விழுந்தது. நகர மன்றத் தலைவர் நூரி மார்ட்டினெஸ், உறுப்பினர்கள் கெவின் டி லியோன், கில் செடியோ, தொழிற்சங்கத் தலைவர் ரான் ஹெரேரா ஆகிய நால்வரும் ஒரு வருடத்துக்கு முன் மூடிய அறையில் பேசிய ஒலிப்பதிவு வெளியே வந்தது. தொகுதி எல்லைகளை எப்படி வெட்டினால் யாருக்கு லாபம் என்ற கணக்கு. நடுவே இன்னொரு உறுப்பினரின் கறுப்பினக் குழந்தையைப் பற்றி வாய்கூசும் பேச்சு. மார்ட்டினெஸும் ஹெரேராவும் பதவி விலகினார்கள், மற்ற இருவரும் நகரவில்லை. பைடனே விலகச் சொன்னார்.

இதில் யாருக்கு லாபம்? முதல் பார்வைக்குக் காருசோவுக்கு. 'உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான், வெளியாள் நான் வருகிறேன்' என்று சொல்ல இதைவிட வசதியான சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் காயம்பட்ட நகரம் வேறொன்றைத் தேடியது. கறுப்பினத்தவரையும் லத்தீன் அமெரிக்கரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த அனுபவம் யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. முப்பது வருடமாக பாஸ் செய்த வேலையே அதுதான். இரு தரப்புக்கும் கிடைத்த லாபம் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டது என்பது என் கணிப்பு.

காருசோ செலவழித்தது 10 கோடி டாலருக்கு மேல், பெரும்பாலும் சொந்தப் பணம். பாஸ் பிரச்சாரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். நம் ஊர் மாதிரி கவரில் போட்டுக் கொடுப்பதில்லை. விளம்பரமும் சம்பளத்துக்கு ஆள் வைத்து வீடு வீடாகக் கதவு தட்டுவதும்தான். வாக்குப்பதிவு நாள் இரவில் அவர் சற்றே முன்னிலையிலும் இருந்தார். தபால் சீட்டுகளை எண்ண எண்ண நிலைமை மாறியது. இந்த இருவரையும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பிய ஜூன் முதல்கட்டத்திலும் இதேதான் நடந்தது. நவம்பர் 16 அன்று பாஸ் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது; இறுதிக் கணக்கில் ஏறத்தாழ 55-க்கு 45.

அதே சீட்டில் இருந்த மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃப் அலெக்ஸ் வில்லனுவேவா தோற்றார், லாங் பீச்சின் முன்னாள் காவல் தலைவர் ராபர்ட் லூனா வந்தார். தவறு செய்யும் ஷெரீஃபை நீக்கும் அதிகாரத்தைக் கவுண்டி மேற்பார்வையாளர்களுக்குத் தரும் தீர்மானமும் நிறைவேறியது. அப்புறம் யூஎல்ஏ என்ற நகர அளவிலான வரி முன்மொழிவு: 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் சொத்துக்கு 4 சதவீத வரி, ஒரு கோடியை எட்டினால் 5.5 சதவீதம், பணம் வீட்டுவசதிக்கும் வீடிழப்பைத் தடுப்பதற்கும். மாளிகை வரி என்று பெயர் எடுத்தாலும் அடுக்குமாடி, கடை, கிடங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். வீடற்றோர் பெயரைச் சொன்ன 27-ஐத் தூக்கியெறிந்த அதே ஜனம், அதே காரணத்துக்காக இந்த வரியை நிறைவேற்றியது. கொடுப்பது யார், கல்லாவில் போட்டுக்கொள்வது யார் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பதவியேற்ற முதல் நாளே வீடற்றோர் பிரச்சினைக்காக பாஸ் அவசரநிலை அறிவித்தார். 2023 கணக்கெடுப்பில் நகரத்தின் வீடற்றோர் எண்ணிக்கை 46,260-ஆக ஏறியது. அந்தக் கணக்கு அவர் வந்து ஒன்றரை மாதத்தில் எடுத்தது என்பதால் அதை அவர் தலையில் கட்ட முடியாது. பிறகு 45,252, 2025-இல் 43,699 என்று இறங்கியது. 2022 எண்ணுக்கு அது அப்போதும் வரவில்லை. 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ் காட்டுத்தீ பற்றியபோது மேயர் கானா நாட்டில் இருந்தார். அந்தப் பகுதியில் உள்ள தன் வளாகத்தைத் தனியார் தீயணைப்பு ஆட்களை வைத்துக் காப்பாற்றிக்கொண்ட காருசோ, டிவியில் வந்து நகர நிர்வாகத்தை வெளுத்து வாங்கினார். 2022-இல் தப்பாகக் குத்திவிட்டோமோ என்ற பேச்சு அந்த வாரம் நகரமெங்கும் கிளம்பியது. தன் கடைகளைக் காப்பாற்றத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவையும் காப்பாற்றியிருப்பார் என்று எப்படி முடிவு கட்டினார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.