தொண்டை ஸ்வாப்பும் 664-3 உம்: வருடக் கணக்காகப் பாவிப்பவனின் புலம்பல்

கிளிநொச்சியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சேர்ந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி, "அண்ணை, நீங்கள் லொயிங்க் கோட் பாவிக்கிறீங்கள்தானே, நாங்களும் மாறலாமோ?" என்று கேட்டிருந்தாள். வட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது.

லொயிங்க் (LOINC) கோட் என்றால் என்ன என்று நீட்டி விளக்கப் போவதில்லை: ஒவ்வொரு ஆய்வுகூடப் பரிசோதனைக்கும் எல்லோரும் பாவிக்கும் ஒரே குறியீட்டு இலக்கம். அமெரிக்காவில் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994 இல் தொடங்கியது, பாவிக்கக் காசு கேட்பதில்லை. அது போதும்.

பிடித்ததை முதலில் சொல்கிறேன். ஹைபனுக்குப் பின்னால் வரும் இலக்கம் சும்மா ஒட்டியதல்ல. முன்னுள்ள இலக்கங்களைக் கணக்குப் போட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம். 664-3 ஐ அவசரத்தில் 646-3 என்று தட்டினால் மென்பொருள் ஏற்காது, ஏனென்றால் 646 க்கு வரவேண்டியது 0. காலையில் கவுண்டரில் சனம் நெருக்கும்போது இது எத்தனையோ தரம் கைகொடுத்திருக்கிறது.

ஆனால் அதே 664-3 தான் என் தலையிடி. பக்டீரியாக்களை நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் கிராம் சாயத்துக்கான கோட் அது. மாதிரி எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லாது. தொண்டைக்குத் தனிக் கோட் இருக்கிறது. என்றாலும் "கிராம்" என்று தட்டியவுடன் பட்டியலின் உச்சியில் வந்து நிற்பது இதுதான், புதுப் பிள்ளைகள் தெரிவு செய்வதும் இதைத்தான். பிறகு அறிக்கை வெளியே போகும்: சங்கிலியாகக் கிராம் பொசிட்டிவ் கொக்கை (ஊதாவாகத் தெரியும் உருண்டைப் பக்டீரியா), சீழ்க்கலங்கள் சில. எந்த இடத்து மாதிரி? தெரியாது.

தொண்டையில் அந்த வரிக்குப் பெரிய அர்த்தமில்லை. அங்கே வழமையாகக் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸும் நோய் தருவதும் நுணுக்குக்காட்டியில் ஒரே ஊதா மணிகள்தான், பிரித்தறியக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது, வேண்டும். (அப்ப தொண்டை மாதிரியை ஸ்லைடில் பூசிச் சாயமிட்டுப் பார்ப்பது எதற்கு? வின்சன்ட் அஞ்சைனா என்ற தொண்டைப் புண் நோய்ச் சந்தேகம் என்றால் கதிர் வடிவக் கோல்களும் சுருளிகளும் ஸ்லைடிலேயே தெரியும். கல்ச்சரில் அவை இலேசில் வளராது.) அதே வரி, கிருமியே இருக்கக்கூடாத முள்ளந்தண்டு நீரில் என்றால் வோர்ட்டே ஓட வேண்டும். போன மாதம் ஒரு இரவு, வேறு வைத்தியசாலை டொக்டர் ஒருவர் போன் எடுத்து, "இது எங்கத்தைய சாம்பிள் ஐசே?" என்று கத்தினார். கத்தியது நியாயம்தான்.

இதற்குக் கோட்டைத் திட்டவும் முடியாது. ஒவ்வொரு கோட்டும் ஆறு பகுதியாக அமைந்தது, அதில் ஒன்றை மாதிரிக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். கல்ச்சரில் பாருங்கள், தொண்டை 626-2, சிறுநீர் 630-4, இரத்தம் 600-7, குழப்பமே இல்லை. சாயம் மாறினாலும் கோட் மாறும். காசநோய்க் கிருமியைத் தேடும் ஆசிட் ஃபாஸ்ட் சாயத்துக்கு 11545-1. செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். யோசிக்காதது எங்களுக்கு மென்பொருள் விற்றவர்கள். 664-3 ஐப் பட்டியலின் அடியில் தள்ளச் சொல்லிச் சொல்லி, ஒருவழியாகத் தள்ளினார்கள். லொயிங்க் வருடத்துக்கு இரண்டு தரம், பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும், புதுப் பதிப்பு விடும். அதை ஏற்றிய அன்றே அது திரும்ப உச்சிக்கு வந்துவிட்டது. கேட்டால், "அடுத்த அப்டேட்டில் பார்ப்பம் அண்ணா."

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் மாறு என்று சொல்ல மனம் வரவில்லை. ஐந்துக்கு இரண்டு. அந்த டொக்டர் நேற்றும் போன் எடுக்காமல் இருந்திருந்தால் நாலு போட்டிருப்பேன்.